நான் போட்ட வட்டம்

அடுத்த சனிக்கிழமையிலிருந்து நீங்கள் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். நான் வகுப்புகளிலிருந்து ஓய்வு பெறுகிறேன். வயது இருபத்தெட்டு. இந்த வயதில் பணி அனுபவம் எழுத உட்காருவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இதையெல்லாம் தலை நரைத்து, பென்ஷன் வாங்கி, காலையில் நடந்துவிட்டு வந்து எழுதுவார்கள். ஆனால் பங்குச்சந்தையில் ஒருவனுக்கு நரை விழ முப்பது வருஷம் ஆவதில்லை. நம் பங்குத் தரகுக் கம்பெனியின் கிளை மேலாளர் கூப்பிட்டு, "புதுசா வர்ற பசங்களுக்கு ஏதாவது எழுதிக் குடு. ஸ்லைடுல இல்லாததா எழுது" என்றார். ஸ்லைடில் இல்லாதது என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பெருமைப்படுகிற விஷயம் இல்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன, மியூச்சுவல் ஃபண்டில் போடுகிற பணம் எங்கே போகிறது, டீமேட் கணக்கு எதற்கு, இதெல்லாம் ஸ்லைடிலேயே இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது. பாதி நான் செய்தது. அதைப் பற்றி இங்கே ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

முதலில் அப்போதைய என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் எம்பிஏ. சந்தை சம்பந்தமாக மூன்று சான்றிதழ்கள், மூன்றையும் சட்டமிட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருந்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன். வகுப்பில் ஒருவர் கொட்டாவி விட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. எப்படியாவது அந்த ஆளை நிமிர்ந்து உட்கார வைத்தாக வேண்டும். இந்தக் குணத்தை எல்லோரும் ஆர்வம் என்று பாராட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பைக் விஷயம். என்னிடம் பைக் இல்லை. எங்கே போனாலும் டவுன் பஸ்தான். வகுப்புக்கு வருகிறவர்கள் இதைக் கவனிப்பார்கள், கேட்கவும் செய்வார்கள். "ஷேர் மார்க்கெட் சார், நீங்களே பஸ்ஸுலயா வாரீங்க?" அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "பெரிய முதலீட்டாளர்கள் எல்லாம் எளிமையாத்தான் இருப்பாங்க சார். பைக் வாங்குன அன்னைக்கே அதோட மதிப்பு குறைய ஆரம்பிச்சிரும்." தேய்மானத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வகுப்பே தலையாட்டும். உண்மையில் பைக்கை நான் விற்றிருந்தேன். ஏன் விற்றேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சம்பவம் நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன், திண்டுக்கல் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஆசிரியர்களுக்கு நான்கு சனிக்கிழமை, மதியத்துக்குமேல் வகுப்பு. நூலக அறையில் மேசைகளைத் தள்ளிப் போட்டு, ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தியிருந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுப்பது தனி அனுபவம். பிள்ளைகளிடம் எதையெல்லாம் சகித்துக்கொள்ள மாட்டார்களோ அதையெல்லாம் அவர்களே செய்வார்கள். கடைசி பெஞ்சில் பேச்சு, பேனா கடன் வாங்குவது, டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்ப்பது. ஆனால் பலகையில் எதை எழுதினாலும், எழுதி முடிப்பதற்குள் முப்பது தலைகளும் குனிந்து நோட்டில் எழுதிவிடும்.

அதில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் அந்தோணி சார், விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். பங்குகளை முன்பே கொஞ்சம் வாங்கி விற்றுப் பழகியவர். இன்னொருவர் ஸ்டெல்லா டீச்சர். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். கணவர் குவைத்தில். முதல் வகுப்பு முடிந்ததுமே எங்கள் கிளையில் கணக்குத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். முன் வரிசையில் உட்கார்ந்து, கேட்கிற கேள்வியைக் கச்சிதமாகக் கேட்பார். எனக்கு அவரைப் பார்த்தாலே உற்சாகம் வரும். இவருக்குப் புரிந்தால் போதும் என்று அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன்.

இரண்டாவது சனிக்கிழமை. விலை எப்படி உருவாகிறது என்பது பாடம். வாங்குகிறவர் ஒரு விலை கேட்கிறார், விற்கிறவர் ஒரு விலை சொல்கிறார், இரண்டும் சந்திக்கிற இடத்தில் வியாபாரம் முடிகிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். விதியும் தெரியும். வகுப்பில் எந்தப் பங்கையும் வாங்கு என்றோ விற்றுவிடு என்றோ நாம் சொல்லக்கூடாது. உதாரணத்துக்குக் காட்டுகிற விலைகூட மாதக்கணக்கில் பழையதாக இருக்க வேண்டும். ஸ்லைடில் அப்படித்தான் பழைய விலைகள் இருந்தன.

மதிய வெயில். மின்விசிறி சத்தம்தான் பெரிதாக இருந்தது, காற்று வரவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு சார் தூங்கியே விட்டார். அந்தோணி சார் கையைத் தூக்கினார்.

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிர மாட்டீகளே?"

"சொல்லுங்க சார்."

"பழைய பேப்பரக் கையில வச்சுக்கிட்டு இன்னைக்கு நியூஸ் வாசிக்கிறீக. பேப்பர்க்காரன்கிட்ட எடைக்குப் போட வேண்டிய வெல சார் இது."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. தூங்கின சாரும் விழித்துக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. மார்க்கரை எடுத்தேன். காலையில் போனில் பார்த்த ஒரு கம்பெனியின் பெயர் நினைவில் இருந்தது. நடுத்தரக் கம்பெனி, அதிகம் பேர் கேள்விப்படாத பெயர். என்ன தயாரிக்கிறார்கள் என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. பெயரை எழுதினேன். நேற்றைய முடிவு விலையை எழுதினேன். அதன் கீழே வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் என்று இரண்டு பக்கமும் எண்களை அடுக்கினேன். பேச்சுக்கு நடுவே இரண்டு மூன்று தடவை பெயரைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்ததால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

வகுப்பு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்டெல்லா டீச்சர் கேட்டார். "சார், அப்ப இத வாங்கலாமா?"

"டீச்சர், எதை வாங்கலாம், எதை விக்கலாம்னு நான் சொல்லக் கூடாது. விதி அப்படி" என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் என்ன தவறு செய்தேன் என்று கேட்டால் நீங்கள், பழைய விலையைக் காட்டாமல் புது விலையைக் காட்டியது என்பீர்கள். அது விதி மீறல்தான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருந்தது, அது எனக்கு ஒரு வாரம் தெரியாது.

மூன்றாவது சனிக்கிழமை போனால் வாசலிலேயே வரவேற்பு. வழக்கமாக டீயோடு வருகிற வறுக்கிக்குப் பதில் கேசரி. என் மேசைமேல் சிறுமலை வாழைப்பழம் ஒரு சீப்பு, தாளில் சுற்றி. பின் பெஞ்சு ஆட்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒன்றும் புரியாமல் விழித்தேன். அந்தோணி சார் பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்.

"சார், ஒங்க வட்டம் வேல செய்யுது."

"என்ன வட்டம் சார்?"

"அதான பாத்தேன். என்ன வட்டம்னு கேக்குறீக பாருங்க, அங்க நிக்கிறீக சார் நீங்க." அந்தோணி சார் பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பரீச்சைக்கு முந்தி பிள்ளைகள் வந்து, சார் எந்தக் கேள்வி வரும்னு உசுர எடுக்கும். நாம சொல்லலாமா? சொல்லக் கூடாது. அதனால வாயத் தொறக்க மாட்டோம். புக்க வாங்கி, அஞ்சாறு கேள்விக்கு வட்டம் மட்டும் போட்டுக் குடுப்போம். 'நான் ஒண்ணும் சொல்லல, வட்டம்தான் போட்ருக்கேன்'னு ஒரு சிரிப்பு. பிள்ளைக்குப் புரிஞ்சிரும். நீங்களும் வாத்தியாராகிட்டீக சார்."

அந்தக் கம்பெனியின் பங்கு அந்த வாரத்தில் நன்றாக ஏறியிருந்தது. அறையில் ஏழெட்டுப் பேர் வாங்கியிருந்தார்கள்.

வாயைத் திறந்து சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. "சார், அது சும்மா உதாரணம். நான் வாங்கச் சொல்லலை."

"புரியுது சார், புரியுது. நீங்க அப்பிடித்தான் சொல்லணும்" என்று கண்ணைச் சிமிட்டினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பாடத்தை நிறுத்தியிருக்க வேண்டும். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பலகையில் பெரிதாக எழுதி, வாங்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் பேசியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அதுவரை முப்பது பேர் என்னை அப்படி மதிப்போடு பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு குரல் சரியில்லை சரியில்லை என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வகுப்பு பிரமாதமாகப் போனது. கேசரி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வாழைப்பழத்தை வீட்டுக்கும் கொண்டுபோனேன். "பரவால்லையே, ஒனக்கு நல்ல மதிப்பாத்தான் இருக்கு" என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பழத்தை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. மதியம் ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார். கோயில் பூசை முடிந்து வந்து, குக்கர் வைத்துவிட்டுப் பேசுகிறார் போல. பின்னால் விசில் சத்தம் கேட்டது.

"சார், ஒரு சின்ன சந்தேகம். ஒரேயடியா அம்புட்டையும் போடலாமா, பிரிச்சுப் பிரிச்சுப் போடணுமா?"

"எதை டீச்சர்?"

"நாளைக்குக் காலைல போடலாம்னு இருக்கேன். அகரத்துல ஒரு எடம் பேசியிருக்கோம். அட்வான்ஸ் குடுத்தாச்சு. அடுத்த மாசம் பத்திரம் பதியணும். மிச்சப் பணம் பேங்க்ல கெடக்கு. சும்மாதான சார் கெடக்கு? மூணு வாரத்துல எடுத்துட்டா, பத்திரச் செலவாவது அதுலயே வந்துரும்ல."

"டீச்சர், வேணாம். அது எடத்துக்குன்னு வச்ச பணம். தொடாதீங்க."

"எங்க வீட்டுக்காரர் பதினோரு வருசமா அங்க வெயில்ல நின்னு அனுப்புன பணம் சார். எனக்குத் தெரியாதா? சும்மா யாரோ சொன்னாங்கன்னா போடுவேனா? நீங்க வட்டம் போட்டதாலதான் போடுறேன்."

"நான் அதை வாங்கச் சொல்லவே இல்லை டீச்சர்."

அவர் சிரித்தார். நேற்று நான் சிரித்த அதே சிரிப்பு. "தெரியும் சார். போன்ல பேசுனா பதிவாகும்ல. நான்தான் புத்தியில்லாம போன்ல கேக்குறேன். வைக்கிறேன் சார்." வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிற நல்லெண்ணத்தில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மேலாளரைக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கப் போகிறவர்களில் அவரும் ஒருவர், இந்தப் பத்தியை எடுக்கச் சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நீ வாங்கச் சொன்னியா?"

"இல்ல சார்."

"அப்ப நம்ம மேல ஒண்ணும் இல்ல. கம்முனு இரு. இப்பப் போய்த் தடுத்தியின்னா, முன்னாடி வாங்கச் சொன்னேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எழுத்துல எதுவும் அனுப்பாத. புது வெலையப் போர்டுல எழுதினத மட்டும் இனிமே எங்கயும் சொல்லிக்கிட்டுத் திரியாத."

சட்டப்படி யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஞாயிறு முழுக்க அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கப் பார்த்தேன். பங்கு விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதைச் சொல்லித் தடுக்கலாம். எனக்குத் தெரியாது. ஏறுமா என்றும் தெரியாது. தெரியாது என்பதைத்தான் டீச்சர் நம்பவில்லை. நான் மறுக்க மறுக்க அவருக்கு நம்பிக்கை கூடுகிறது. சான்றிதழ் எதிலும் இதற்குப் பாடம் இல்லை.

திங்கள் காலை பஸ் ஏறினேன். சந்தை ஒன்பதே காலுக்குத் திறக்கும். பள்ளிக்கூட மணி அதற்குச் சற்று முன் அடிக்கும். வகுப்புக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் காலையிலேயே ஆர்டர் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள் என்று தெரியும். அதை எப்படிச் செய்வது என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

பள்ளி வாசலில் சைக்கிள்கள், ஆட்டோக்கள், பிள்ளைகளின் கூச்சல். ஸ்டெல்லா டீச்சர் வராந்தா தூணோரம் போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டார்.

"என்ன சார், இங்க வந்துட்டீங்க?"

"போட்டுட்டீங்களா டீச்சர்?"

"இப்பத்தான் போடப் போறேன். எதுக்கு சார் இப்பிடி ஓடி வாரீங்க? ஃபோன் பண்ணியிருக்கலாம்ல."

"போடாதீங்க. எனக்கு அந்தக் கம்பெனியப் பத்தி ஒண்ணுமே தெரியாது. என்ன செய்யிறாங்கன்னுகூடத் தெரியாது."

"தெரியாமயா சார் வட்டம் போட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே அக்கம்பக்கம் பார்த்தார். "இங்க யாரும் இல்ல சார். பயப்படாதீங்க."

"டீச்சர், சத்தியமா—"

"சத்தியமெல்லாம் எதுக்கு சார்? விதி இருக்கு, நீங்க அதுக்குக் கட்டுப்பட்டவங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆறு பேர்கிட்டதான் சொல்லியிருக்கேன், அதுவும் எங்க ஸ்டாஃப்தான்."

இன்னும் ஆறு பேர். இனி என்ன சொன்னாலும் அது சிமிட்டலாகத்தான் போய்ச் சேரும் என்று புரிந்தது. வாய்ப்பேச்சை வைத்து நான் கட்டியது, வாய்ப்பேச்சால் இடியாது.

என் போனை எடுத்தேன். கல்லூரியில் படிக்கும்போது நான் தொடங்கிய என் சொந்தக் கணக்கைத் திறந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். லாப நஷ்டப் பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

ஆப்ஷன்ஸ் என்பது குறிப்பிட்ட தேதிக்குள் விலை இந்தப் பக்கம்தான் போகும் என்று பந்தயம் கட்டுவது மாதிரியான ஒப்பந்தம். தேதி தாண்டினால் கட்டிய பணம் பூஜ்யம். புதியவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நம் ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்த ஸ்லைடைச் செய்தது நான். அதைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம்தான் நான் போய், சேமிப்பை விட்டு, விட்டதைப் பிடிக்கப் போய், பைக்கையும் விற்றுவிட்டுத்தான் நின்றேன். வீட்டில் கேட்டபோது பைக்கை நண்பனிடம் கொடுத்திருக்கிறேன் என்றேன். அம்மா இன்னமும் அந்த நண்பனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிற ஆளின் முகம். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது யாரோடது?"

"என்னோடது டீச்சர்."

"சிவப்புல இருக்கதெல்லாம் போனதா?"

"போனது."

"பைக்கு?"

"அதுலதான் போச்சு."

எளிமையைப் பற்றி அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. நம்பிப் பணம் கட்டின டியூஷன் சென்டரில் வாத்தியாரே பாஸாகவில்லை என்று தெரிந்த பெற்றோரின் முகம்.

"ஃபெயிலாயிட்டா எங்களுக்குப் பாடம் நடத்துனீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. பேச்சில் 'சார்' என்கிற சொல் போய்விட்டிருந்தது. "அகரத்து எடம் போயிருந்தா அந்த மனுசனுக்கு நான் என்னன்னு சொல்லியிருப்பேன் தம்பி?"

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து மைதானத்தில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஜெபம் தொடங்கியது. ஜெபம் நடக்கும்போது இருந்த இடத்திலிருந்து யாரும் நகரக் கூடாது. என் போனைக் கையில் வைத்துக்கொண்டே டீச்சர் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். ஓடிப் போகலாம் என்றால் ஆயிரம் பிள்ளைகள் அசையாமல் நிற்கிறார்கள். ஒன்பதே கால் அந்த ஜெபத்திலேயே கடந்தது.

ஜெபம் முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார். தன் போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார்.

"என்கிட்ட மட்டும் காட்டிட்டுப் போயிரலாம்னு நெனைக்காதீங்க. ஆறு பேர்கிட்ட நான் சொல்லியிருக்கேன். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்டாஃப் ரூம்ல நான்தான் ஒக்காரணும். சனிக்கிழம வருவீங்களா?"

"வாரேன் டீச்சர்."

"வரணும்."

நான்காவது சனிக்கிழமைக்கு மேலாளர் சொல்லியனுப்பியது ஒன்றுதான். ஸ்லைடைத் தாண்டிப் பேசாதே. நான் மடிக்கணினியைத் திறக்கவே இல்லை. கேசரி அன்றைக்கும் இருந்தது. எல்லோரும் ஆவலாகப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெயர் வரும் என்று.

மார்க்கரை எடுத்து என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் கணக்கில் போன மொத்தத் தொகையை எழுதினேன். திரும்பி நின்று, சேமிப்பு, ஆப்ஷன்ஸ், பைக், அம்மாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கம்பெனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, உங்களை விழிக்க வைக்கத்தான் எழுதினேன் என்றேன். போன வாரம் நீங்கள் கண்ணைச் சிமிட்டியபோது எனக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் சிரித்தேன் என்றும் சொன்னேன். அந்த வாக்கியம்தான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. நஷ்டத்தைச் சொல்லும்போது பரிதாபமாவது கிடைக்கும். இதற்கு அதுவும் கிடையாது.

அந்தோணி சார் விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அப்ப அந்த வாழப்பழம்?" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். "சாப்ட்டேன் சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஸ்டெல்லா டீச்சர் எழுந்து முன்னால் வந்தார். என் கையிலிருந்த மார்க்கரை வாங்கினார். பலகையில் என் பெயரையும் தொகையையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார். கணக்கு டீச்சர் போடுகிற வட்டம், தொடங்கிய இடத்திலேயே போய் முடிந்தது. வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"எழுதிக்கோங்க. இது இம்பார்ட்டன்ட்."

முப்பது தலைகளும் குனிந்தன. எழுதினார்கள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பலகைக்குப் பக்கத்தில் நின்றபடி, அவர்கள் எழுதி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய அடி எதுவும் அவ்வளவு நேரம் நீடித்ததில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இது கதை மாதிரி ஆகிவிடும். வாங்கியிருந்தவர்களில் பலர் அடுத்த வாரமே விற்றுவிட்டார்கள். அந்தப் பங்கு விழவில்லை. இன்னும் சில வாரம் ஏறியது. அந்தோணி சார் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு நல்ல லாபம் கிடைத்திருக்கும். அப்புறம் அது விழுந்ததா, மறுபடி ஏறியதா என்று நான் பார்க்கவில்லை. உங்களில் யாராவது என்னைத் தனியாகப் பிடித்து, "அண்ணே, அது எந்தக் கம்பெனி?" என்று கேட்பீர்கள். போன தடவை வந்தவர்களிடம் வாய்வார்த்தையாகச் சொன்னபோது அவர்களும் கேட்டார்கள். கேட்காதீர்கள். இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் காது அந்தப் பெயருக்குத்தான் நீளுகிறது என்றால், வகுப்பில் உட்காருகிறவர்களின் காதைப் பற்றி யோசித்துப் பாருங்கள். வாய் வேண்டாம் என்கிறபோது முகமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது.

நான்காவது வகுப்பில் பேசியதை மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார். வேலையிலிருந்து எடுக்கவில்லை. அம்மாவிடமும் சொன்னேன். அந்த நண்பனைத் திட்டியதற்கு ஒரு நாள் அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள், அவனுக்கு எதற்கென்றே தெரியாது.

பைக் இன்னும் வாங்கவில்லை. இப்போது யாராவது ஏன் பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எளிமை, தேய்மானம் எல்லாம் கிடையாது.

போன மாதம் ஒரு வகுப்புக்காகத் தாடிக்கொம்புப் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம், எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. டவுனைத் தாண்டுவதற்குள் ஸ்டெல்லா டீச்சர் ஏறினார். கையில் ஒரு கனமான பை. கூட்டத்தில் நெருங்கி வந்து என் இருக்கைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டியதாயிற்று. என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து இடம் கொடுக்கப் போனேன்.

"ஒக்காருங்க" என்றார். அவ்வளவுதான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனது. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுத்து வைப்பது நம் ஊர் பஸ்ஸில் எல்லோரும் செய்வதுதான், முன்பின் தெரியாதவரிடமும் கொடுப்பார்கள். அதனால் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

"இதக் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று பையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்தேன். உள்ளே தரைக்குப் போடுகிற டைல்ஸ், மாதிரிக்கு நாலைந்து. நல்ல பளு. அகரம் வரும்வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.